பதவி போகும் வேளையில் பேசும் பேச்சு

வெற்றி விழா மேடையில் பேசுவதைக் கொண்டு ஓர் ஆட்சியாளரை எடைபோடுதல் அரிது. சோதனை சூழ்ந்து, மக்களும் கைவிடும் வேளையில் அவர் வாயிலிருந்து வருவதே கவனிக்கத்தக்கது. அத்தகைய ஒருவரின் பேச்சுகளை ஈண்டு நாம் எண்ணிப் பார்ப்போம். அவர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலக் கவர்னராயிருந்த கிரே டேவிஸ். (நம் நாட்டில் கவர்னர் டெல்லியின் நியமனம், அங்கோ மக்கள் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சரின் பொறுப்புகள் அவருடையவை.)

அவருக்கு முந்தியவர் காலத்தில், 1996இல், அம்மாநிலத்தின் மின்சார வாணிபம் போட்டிச் சந்தைக்குத் திறந்துவிடப்பட்டது. மொத்த விலை கட்டவிழ்ந்து ஏறிற்று. வீட்டுக்காரர் செலுத்தும் கட்டணத்திற்கோ உச்சவரம்பு. நடுவில் நின்ற விநியோகக் கம்பெனிகள் நசுங்கின. 2000 கோடையில் தொடங்கிய நெருக்கடி, 2001 ஜனவரியில் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்துமளவு முற்றியது. கட்டணத்தை உயர்த்த நினைத்தால் 20 நிமிடத்தில் இதைத் தீர்த்திருப்பேன் என்றார் டேவிஸ். ஏப்ரல் 5ஆம் தேதி தொலைக்காட்சியில் தோன்றி அதே கட்டண உயர்வுக்கு இசைந்தார். மறுநாள் மாநிலத்தின் மிகப் பெரிய மின் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது.

வெளியூர் வணிகர்கள் சூழ்ச்சியால் விலையேற்றுகின்றனர் என்றும் அவர் கூறிவந்தார். அது மெய்யே. ஆயினும் 20 நிமிடக் கணக்குச் சொன்ன நாவிலிருந்து வந்தமையால், பலர் செவியில் அது சாக்குப் போக்காகவே விழுந்தது போலும்.

2002 நவம்பரில் மீண்டும் வென்றார். ஓராண்டு நிறையுமுன் அவரைத் திரும்ப அழைக்க மக்களிடம் கையெழுத்துச் சேர்ந்து, வாக்கெடுப்பு நாளும் குறிக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகே, 2003 ஆகஸ்ட் 19 அன்று, மின்சார நெருக்கடியில் தாம் விரைந்து செயற்படவில்லை என்று ஒப்புக்கொண்டார். அதே உரையில், இது எதிர்க்கட்சியின் பதவிப் பறிப்பு என்றும் சாடினார்.

கத்தி கழுத்தருகே வந்தபின் செய்யும் ஒப்புதல் ஒப்புதலாகுமா? கடல் மூடும்போது ஃபிர்அவ்ன் கொண்ட ஈமானை இறைவன் ஏற்கவில்லை எனத் திருமறை கூறுகிறது. ஆனால் அது ரப்புக்கும் அடியானுக்கும் இடையிலுள்ள கணக்கு. உள்ளத்தைத் திறந்து பார்க்கும் வல்லமையற்ற நாம், அவ்வளவுகோலைக் கையிலெடுத்து மற்றொரு மனிதனை அளக்கத் துணியலாமா? பதவியை மறுப்பது வேறு. ஒப்புதலை மறுப்பது வேறு என்றே நாம் கருதுகிறோம். ஆட்சி ஓர் அமானிதம். அதைத் திரும்பக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. ஆனால், பிந்தி வந்த உண்மையை எள்ளி நகையாடினால், அடுத்து வரும் ஆட்சியாளர் எவரும் வாய் திறவார்.

முந்திச் சொல்வதன் மாண்பு வேறுதான். பஞ்ச காலத்தில் கலீபா உமர் (ரலி) அவர்கள், மக்களின் துயர் தீரும்வரை நெய்யையும் இறைச்சியையும் ஒதுக்கினார்கள் என வரலாறு கூறும். எவரும் கேட்குமுன் வந்த பதில் அது! அதே உமர் (ரலி) அவர்கள், வெற்றிமேல் வெற்றி ஈட்டிய காலித் (ரலி) அவர்களைத் தளபதிப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். காலித் (ரலி) அவர்களோ அபூ உபைதா (ரலி) அவர்களின் கீழ்த் தொடர்ந்து போர் புரிந்தார்கள்.

டேவிஸை அவர்களோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. அவர் வாக்குக் கணக்கில் ஊறிய அரசியல்வாதி. எனினும் 2003 அக்டோபர் 7 இரவு, வாக்களித்தோரில் 55 சதவீதத்தினர் அவரை நீக்கியபோது, மக்களின் தீர்ப்பை ஏற்பதாகக் கூறிப் புதியவருக்கு ஒத்துழைப்பும் வாக்களித்தார். பழி சுமத்த ஆயிரம் வாய்ப்பிருந்தும் அன்று அவர் சொன்னது இதுதான். அவ்வாண்டு பேசியவற்றுள் எதையும் வேண்டி நில்லாத பேச்சு அதுவே எனத் தோன்றுகிறது.

அதே மாத இறுதியில் தென்கலிபோர்னியாவைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சான் டியாகோ பகுதியில் மட்டும் 2,000க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. நீக்கப்பட்டவரே இன்னும் கவர்னர். வென்ற ஆர்னால்டு சுவார்ஸநெகர் பொறுப்பேற்கவில்லை. நவம்பர் 4 அன்று ஜனாதிபதி புஷ் அழிவைப் பார்வையிட வந்தபோது இருவரும் உடனிருந்தனர். நவம்பர் 17இல் பதவி கைமாறியது.

மறு ஆண்டில் என்ரான் கம்பெனி வணிகர்களின் தொலைபேசி உரையாடல்கள் வெளியாயின. கலிபோர்னியாவின் ஏழைப் பாட்டிமார்களிடம் திருடிய பணம் என்று அதில் அவர்கள் சிரித்துப் பேசினர். டேவிஸ் அப்போது பதவியில் இல்லை.