வெறியாட்டை விலக்கிய தோழி

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

திருவாய்மொழியில் நான்காம் பத்தின் ஆறாம் திருவாய்மொழி, ‘தீர்ப்பாரை’ என்று தொடங்குவது. பராங்குச நாயகியின் மோஹத்தைக் கண்டு கலங்கிய தாய்மார்களும் உறவினர்களும் செய்யும் வெறியாட்டைத் தோழி விலக்குவதாக அமைந்தது. முந்தைய திருவாய்மொழியில் ஆழ்வார் பேரானந்தத்தில் திளைத்தார். அந்த அநுபவம் புறத்தே கைகூடாமையால் இங்கே பெண்நிலை எய்தி மயங்கிக் கிடக்கிறார். இத்திருவாய்மொழியை பாகவதர்களோடு சேர்ந்து அநுபவித்து, நம் இல்லங்களில் இன்றும் நடக்கிற சில காரியங்களை இதன் ஒளியில் பார்ப்பது அடியேனுடைய அபேக்ஷை.

நிகழ்வு எளியது. ஒரு பெண் உணவு கொள்ளாமல், உறங்காமல், பிதற்றிக் கிடக்கிறாள். வீட்டார் கட்டுவிச்சியை அழைக்கிறார்கள். அவள் ஏதோ சிறுதெய்வம் தீண்டியது என்கிறாள். உடனே முழவு கொட்டுகிறார்கள். கருஞ்சோறும் செஞ்சோறும் படைக்கிறார்கள். கள்ளும் இறைச்சியும் தூவுகிறார்கள். ஆட்டைப் பலியாக நேர்கிறார்கள். ஆரவாரம் வளர வளர அவள் நோயும் வளர்கிறது. இந்தக் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று பேசுகிறவள் ஒருத்திதான்: அவளுடைய தோழி.

தோழி முதலில் செய்தது என்ன என்பதை நாம் ஊன்றிக் காணவேண்டும். அவள் நோயாளியை ஆராய்ந்து பார்த்தாள். ஆராய்ந்து தெளிந்த பின்னரே, இது நல்ல நோய். பாரதப் போரில் தேர் செலுத்தி ஐவரை வெல்வித்தவன் இவள் நெஞ்சை ஆட்கொண்டதால் வந்தது என்றாள். மற்றவர்கள் கட்டுவிச்சியின் முகத்தைப் பார்த்தார்கள்; இவள் ஒருத்தியே பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். நோய்க்கு மூலம் அறிந்தபடியால் மருந்தும் அறிந்தாள். சங்கு சக்கரம் என்று இவள் செவிப்பட உரையுங்கள். உலகேழும் உண்டுமிழ்ந்தவன் திருநாமத்தைச் சொல்லுங்கள். அவன் அடியார்களின் திருவடிப் பொடியை இடுங்கள் என்பது அவள் சொன்ன சிகித்ஸை.

ஏழாம் பாசுரத்தில் தோழி ஓர் உவமை சொல்கிறாள். முற்றத்தில் தானியம் உலர்த்தியிருக்கிறது. கழுதை வந்து அதைத் தின்கிறது. வீட்டுக்காரர் கழுதையை விரட்டாமல், அதன் உதடு அசையும் விதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாராம். அதனால் என்ன பயன் என்று கேட்கிறாள். பெண் அழிந்துகொண்டிருக்க, தோள் நோக ஆடுகிறவர்களின் ஆட்டத்தை வேடிக்கை பார்க்கிறீர்களே என்பது கருத்து. முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் வரவும் செலவும் பார்த்த அடியேனுக்கு, நஷ்டம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன வார்த்தை வேறு அகப்படவில்லை.

நம் ஸம்ப்ரதாயத்தில் தோழி, தாய், மகள் என்னும் மூன்று நிலைகளைத் திருமந்திரத்தின் மூன்று பதங்களோடு சேர்த்து நிர்வஹிப்பர். தோழியின் நிலை ப்ரணவத்தில் சொன்ன ஸம்பந்த ஜ்ஞானம். இந்த ஆத்மா அவனுக்கே உரியது, பிறர்க்கு உரியதன்று என்ற அறிவு அது. அந்த அறிவு உள்ளவளுக்கு அச்சம் இல்லை. அச்சம் இல்லாதவளுக்கே நோயாளியை நேராகப் பார்க்க முடிந்தது. மூடநம்பிக்கைக்கும் மஹாவிச்வாஸத்துக்கும் உள்ள வாசி இங்கே விளங்கும். மூடநம்பிக்கை எதைக் கண்டாலும் நடுங்கும். பல வாசல்களில் போய் நிற்கும். பழியைச் சுமக்க எளியவர் ஒருவரைத் தேடும். மஹாவிச்வாஸம் ஒருவனையே பற்றியிருக்கும். பிறர்மேல் பழி போடவேண்டிய தேவை அதற்கு இல்லை.

எளியவர் என்று தேடும்போது பெரும்பாலும் அகப்படுகிறவள் பெண். அடியேன் வசிக்கும் காரியாபட்டி, விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கோதை அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரும், சிவகாசியை அடுத்த திருத்தண்காலும் ஆகிய இரு திவ்யதேசங்கள் இம்மாவட்டத்தில் உள்ளன. நாட்டில் பல வீடுகளின் சுவர்களில் தொங்கும் தினசரி நாள்காட்டிகள் அச்சாவதும் இம்மாவட்டத்துச் சிவகாசியில்தான். ராகுகாலம், எமகண்டம், குளிகை, சூலம் எல்லாம் கிழிக்கும் தாள்தோறும் உண்டு. ராகுகாலத்தில் கடன் பத்திரத்தில் கையெழுத்திட மாட்டேன் என்று காத்திருந்த வாடிக்கையாளர்களை அடியேன் பலமுறை கண்டிருக்கிறேன். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. அரை நாள் தாமதம், அவ்வளவே. வட்டி ராகுகாலத்திலும் ஏறும் என்று அவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. ஆனால் அதே நாள்காட்டி ஒரு பெண்ணின் பிறந்த நாளைத் தொடும்போது விளையாட்டு முடிந்துவிடுகிறது.

‘ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்’ என்பது நம் ஊர்ப் பழமொழி. மூல நக்ஷத்திரத்துப் பெண் மாமனாருக்கு ஆகாதவள். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாதவள். கேட்டை கணவனின் மூத்தவனுக்கும், விசாகம் இளையவனுக்கும் ஆகாது என்பர். அதே மூலத்தில் பிறந்த பிள்ளைக்கு ராஜயோகம். நக்ஷத்திரம் ஒன்றுதான், பிறந்தது ஆணா பெண்ணா என்பதைப் பார்த்துப் பலன் மாறுகிறது.

ஒரு தாய் மகளுடைய தோஷ பரிகாரத்திற்காக நகையை அடகு வைக்க வந்தார். கடன் விண்ணப்பத்தில் ‘நோக்கம்’ என்றொரு கட்டம் உண்டு. அதில் பரிகாரம் என்று யாரும் எழுதுவதில்லை. குடும்பச் செலவு என்றே எழுதுவர். அவரும் அப்படியே எழுதினார். அடுத்த ஆண்டு வேறொரு ஜோதிடர், வேறொரு பரிகாரம், மேலும் ஒரு நகை. மூன்றாம் ஆண்டு முதல் நகை ஏலத்திற்குப் போயிற்று. அந்த நகை பெண்ணின் திருமணத்திற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்தது. உலர்த்திய தானியம் என்று தோழி சொன்னது இதைத்தான்.

இனி நம் குருபரம்பரையைப் பார்ப்போம். நம் ஸ்வாமி மணவாள மாமுநிகளின் திருநக்ஷத்திரம் ஐப்பசித் திருமூலம். அவருக்குப் பெரிய பெருமாள் தனியன் ஸமர்ப்பித்த நாளாக நாம் கொண்டாடுவது ஆனித் திருமூலம். இத்திருவாய்மொழியை அருளிய நம்மாழ்வாரின் திருநக்ஷத்திரம் வைகாசி விசாகம். தொண்டரடிப்பொடி ஆழ்வாருக்கு மார்கழிக் கேட்டை. இளைய பெருமாள் லக்ஷ்மணன் அவதரித்தது ஆயில்யத்தில். உலகம் எந்த நான்கு நாள்களைச் சொல்லிப் பெண்களை விலக்குகிறதோ, அந்த நான்கையும் நாம் திருநக்ஷத்திரம் என்று ‘திரு’ சேர்த்துச் சொல்லித் திருமஞ்சனமும் தளிகையும் செய்கிறோம். காலையில் மாமுநிகளின் திருமூலத்தைச் சேவித்துவிட்டு, மாலையில் மூலத்துப் பெண்ணின் ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறவர், தாம் காலையில் சேவித்தது எது என்று சற்றே யோசிக்கவேண்டும்.

ஜ்யோதிஷம் வேதாங்கமாயிற்றே என்று கேட்கலாம். உண்மை. கர்மங்களுக்குக் காலம் குறிக்க ஏற்பட்ட அங்கம் அது. அதை அடியேன் நிந்திக்கவில்லை. இந்தத் தோஷங்களுக்குப் பாத பேதங்களும் விலக்குகளும் உண்டு என்று அந்தச் சாத்திரம் கற்றவர்களே சொல்வர். அதற்கும் மேலே ஒன்று உண்டு. கர்மம் செய்தவனையே சேரும் என்பது வைதிகர் அனைவரும் ஒப்பிய ஸித்தாந்தம். மாமனாரின் ஆயுள் அவர் கர்மத்தையும், அதற்கு மேலே எம்பெருமான் ஸங்கல்பத்தையும் பற்றியது. எங்கோ பிறந்த ஒரு பெண்ணின் நக்ஷத்திரம் அதை முடிக்கும் என்றால், அவன் ஸ்வாதந்த்ர்யத்துக்கு வெளியே வேறொரு சக்தியை ஒப்புக்கொண்டதாகும். அது தோழி மறுத்த இளந்தெய்வத்துக்குப் படையல் இடுவதே.

ஆண்டாளே நாச்சியார் திருமொழியில் கூடல் இழைத்துக் குறி பார்க்கவில்லையா என்று மற்றொரு கேள்வி எழும். பார்த்தாள். அவன் வருவானா என்ற ஆற்றாமையால், தன் விரலால், தனக்காகப் பார்த்தாள். அந்தக் கூடல் யாரையும் வீட்டுக்கு வெளியே நிறுத்தவில்லை. யார் நகையையும் ஏலத்துக்கு அனுப்பவில்லை. ப்ரேமத்தால் பார்க்கும் குறியும், பயத்தால் பிறர்மேல் சுமத்தும் குறியும் ஒன்றாகா.

நம் பகுதியின் துயரம் ஒன்றையும் சொல்லவேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் விபத்துகள் உண்டு. வெடிமருந்தின் உராய்வு, கோடை வெப்பம், ஓர் அறையில் அளவுக்கு மீறிய ஆட்களும் சரக்கும் என்று காரணங்கள் யாவரும் அறிந்தவை. ஆனால் இளவயதில் கணவனை இழந்தவள் வீட்டில், இவள் கால் வைத்த நேரம் என்ற பேச்சு எழுகிறது. கழுதை எதைத் தின்றது என்று கேட்பாரில்லை. அவள் ஜாதகத்தைப் புரட்டுகிறார்கள். பிறகு அவளை அமங்கலி என்று சுபகாரியங்களில் ஒதுக்குகிறார்கள். ஈரோடு மாவட்டம் நம்பியூரில் கணவனை இழந்த ஒரு பெண்மணியைக் கோயிலுக்குள் வரவிடாமல் தடுத்த வழக்கில், 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையைக் கண்டித்தது. பெண்ணுக்குத் தனக்கென்று ஓர் அடையாளம் உண்டு, அது அவள் மணநிலையைப் பொறுத்துக் குறையாது என்பது அத்தீர்ப்பின் ஸாரம். ப்ரணவம் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஆத்மாவுக்கு மங்கலம் எம்பெருமானோடு உள்ள ஸம்பந்தம். அது எந்த மரணத்தாலும் அறாதது.

தீட்டு என்ற பெயரால் நடப்பதையும் சொல்லாமல் விட இயலாது. மதுரை மாவட்டம் பேரையூர் வட்டாரத்தில் கூவலாபுரம் முதலிய ஊர்களில், மாதவிலக்கான பெண்கள் ‘முட்டுத்துறை’ எனப்படும் தனி இடத்தில் தங்கும் வழக்கம் அண்மைக் காலம் வரை பேசப்பட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய இரவில், பட்டுக்கோட்டை அருகே அணைக்காடு கிராமத்தில், பூப்பெய்திய ஒரு சிறுமி தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்தாள். மரம் விழுந்து அவள் இறந்தாள். ஓய்வும் ஆசாரமும் வேண்டும் என்று ஒரு பெண் தானே விரும்பிக் கைக்கொள்வது வேறு. புயலில் குழந்தையைக் குடிசையில் விடுவது வேறு. பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில், ப்ரபத்திக்கு தேச காலாதி நியமங்கள் இல்லை என்று ஸாதிக்குமிடத்தில் எடுத்துக்காட்டாகக் கொண்டது த்ரௌபதியை. அவள் நீராடிச் சுத்தையாகி வந்து சரணம் புகவில்லை. விலக்காயிருந்த அந்நிலையிலேயே, சபை நடுவிலே கூப்பிட்டாள். எம்பெருமான் ஏற்றான். அவன் கைவிடாதவளை நாம் மழையில் கைவிடலாகுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்ததும் இதுவே. மகள் சூடிய மாலை உச்சிஷ்டம் என்று பெரியாழ்வார் வேறு மாலை கட்டினார். வடபெருங்கோயிலுடையான் அவள் சூடியதையே வேண்டினான். இன்றும் அவள் சூடிய மாலை திருமலைக்கும் கள்ளழகருக்கும் செல்கிறது.

மனநோயையும் பேய் என்று கொள்வது நம்மிடம் நீங்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட இயலாமல் மாண்டனர். எல்லா மதத்தவரும் தம் வீட்டு நோயாளிகளைக் கொண்டுவிட்ட இடம் அது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. சட்டத்துக்கு நெடுங்காலம் முன்பே தோழி சொன்னாள்: முதலில் ஆராய்ந்து பாருங்கள். உடல் நோய்க்கும் மன நோய்க்கும் வைத்தியரை நாடுவதும் அந்த ஆராய்ச்சியில் அடங்கும். வைத்தியம் நடக்கும்போதே திருநாமமும் சொல்லலாம். இரண்டுக்கும் விரோதம் இல்லை.

நிறைவாக ஒன்று. முழவுச் சத்தத்தின் நடுவே கிடக்கும் அந்தப் பெண் யார்? நம் குலபதியாகிய ஆழ்வாரே. புருஷோத்தமன் ஒருவனைத் தவிர மற்ற ஆத்மாக்கள் எல்லாம் அவனுக்குப் பெண்மையில் நிற்பவை என்னும் அர்த்தத்தை, ஆழ்வார் தாம் பெண்ணாகி நின்று காட்டினார். ஆகவே ஒரு பெண்ணின்மேல் பழி சுமத்தி முழவு கொட்டும்போது, ஆழ்வார் கிடந்த இடத்தில் அவளைக் கிடத்துகிறோம். எம்பெருமானார் திருக்கோளூர்ப் பெண்பிள்ளையின் 81 வார்த்தைகளையும் செவிசாய்த்துக் கேட்டு அவள் ஞானத்தைக் கொண்டாடியது நம் ஸம்ப்ரதாயம். அவள் நக்ஷத்திரம் என்ன என்று அவர் கேட்டதாக எந்தப் பெரியோரும் சொல்லவில்லை.

பாகவதர்களிடம் அடியேனுடைய விண்ணப்பம் இவ்வளவே. விசாகம், மூலம், கேட்டை, ஆயில்யம் என்று ஒரு பெண்ணின் ஜாதகம் வந்தால், ஆழ்வார் ஆசார்யர்களின் திருநக்ஷத்திரம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். கணவனை இழந்த தாயோ தமக்கையோ இல்லத்தில் இருந்தால், திருமண மேடையில் அக்ஷதை இட முதலில் அவரை அழையுங்கள். வீட்டில் ஒருவர் கலங்கிக் கிடந்தால், கட்டுவிச்சியைத் தேடுமுன் அவர் அருகில் அமர்ந்து முகத்தைப் பாருங்கள். இத்திருவாய்மொழி கற்றார்க்குத் துயர் இல்லை என்பது ஆழ்வார் அருளிய பலன். தோழியாய் நிற்பார் ஒருவர் இருக்கும் வீட்டில் அந்தப் பலன் இப்போதே தொடங்கும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்,
காரியாபட்டி