பந்தயத்துக்கு முன் விரும்பத்தக்கது எது?

ஆட்டம் முடிந்தபின் தோற்றவனைத் தட்டிக்கொடுப்பது அத்துணை அரிய குணமன்று. வென்றவனுக்கு அவ்வேளையில் உலகத்தார் யாவருமே இனியவராய்த் தோன்றுவர். ஒருவனுடைய உள்ளத்தை அளந்தறிய வேண்டுமாயின், ஆட்டத்துக்கு முந்திய நாள் அவன் எதை விரும்புகிறான் என்று பார்த்தல் வேண்டும். தன் கட்சி வெல்ல வேண்டுமென்று விரும்புவான், அஃது இயற்கை. ஆனால், எதிர்க்கட்சியின் தலைசிறந்த ஆட்டக்காரன் முழங்கால் நோயால் படுத்துவிட்டான் என்ற செய்தி வரும்போது அவன் முகம் மலருகின்றதா, வாடுகின்றதா? இவ்வொரு கேள்வியையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தை எடுத்துக்கொள்வோம். நம்மவர் அறிந்த ஹாக்கி, பதினொருவர் திடலில் நின்று ஆடுவது. குளிர்நாட்டினராகிய அவர்களோ பனிக்கட்டித் தளத்தின்மீது, எஃகு அலகு பொருத்திய காலணியோடு, பக்கத்துக்கு அறுவராக ஆடுகின்றனர். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல அகலமும் ஓரங்குலக் கனமுமுள்ள கெட்டியான ரப்பர் வில்லை. அதைப் 'பக்' என்பர். தளத்தைச் சுற்றித் தடுப்புச் சுவர் உண்டு. பக்கை வைத்திருப்பவன்மேல் உடம்பால் மோதுவது விதிக்கு உட்பட்டதே. ஆகவே காயமும் அவ்வாட்டத்தின் கூடப்பிறந்தது.

அந்நகரில் பாஸ்டன் சர்வகலாசாலையும் பாஸ்டன் காலேஜும் காமன்வெல்த் அவென்யூ என்னும் ஒரே நெடுஞ்சாலையில், நாலைந்து மைல் இடைவெளியில் இருக்கின்றன. ஒன்றைக் கடந்து செல்லும் டிராம் வண்டி மற்றொன்றின் அருகே போய் நிற்கிறது. இவ்விரண்டும் 1918 முதல் பனித்தளத்தில் மோதி வருகின்றன. 2025 வரையிலான கணக்கில் தேசியப் பட்டத்தை அதுவும் ஐந்து முறை வென்றது, இதுவும் ஐந்து முறை வென்றது. 1978இல் இறுதிப் பந்தயமே இவர்களுக்குள் நடந்தது. சர்வகலாசாலை 5-3 என வென்றது. இத்தகைய அண்டை வீட்டுப் பகைக்கு நிகரான பகை வேறில்லை என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

அங்கே அக்டோபர் மாதம் ஆட்டப் பருவம் பிறக்கிறது. முதற் பந்தயமே இத்தகைய வைரிகளிடையே அமைந்துவிட்டால் பத்திரிகைகளுக்குப் பெருவிருந்து. சென்ற ஆண்டு ஆடியவருள் யார் யார் படிப்பு முடிந்து போயினர், புதிதாக வந்த பையன்கள் எப்படி, கோல்கீப்பர் யார் என்று பத்தி பத்தியாக எழுதுவர். இறுதியில், இன்னாருக்குத் தோள் சரியில்லை, இன்னார் ஆடுவது ஐயம் என்று ஒரு பட்டியல் வரும். மற்றவற்றைக் கண்ணோட்டமாய் விடுபவரும் இப்பட்டியலை ஊன்றிப் படிப்பர். தன் கட்சியின் பட்டியலை ஒரு மனத்தோடும் எதிர்க்கட்சியின் பட்டியலை வேறு மனத்தோடும் படிப்பர். அந்த இரண்டாவது மனம் நேர்மையானதுதானா?

"இதில் என்ன தவறு? வெற்றியை விரும்புகிறவன் வெற்றிக்கு வழியாவதையும் விரும்பத்தானே செய்வான்?" என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் வெற்றி என்பது யாது? எதிரியின் பேர்பெற்ற கோல்கீப்பர் படுக்கையில் கிடக்க, அவனுக்குப் பதிலாய் நிற்கும் முதலாண்டு மாணவன் கை நடுங்கி ஐந்து கோல்களை உள்ளே விட்டான் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் புத்தகத்தில் ஐந்து என்றுதான் எழுதப்படும். ஆனால், அவ்வைந்தும் நம் திறமையின் அளவா, அப்பையனுடைய நடுக்கத்தின் அளவா? "நாம் சிறந்தவரா?" என்று கேட்கவே ஆடப் போனோம். கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவனை வீட்டிலேயே நிறுத்திவிட்டு, "ஆம்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு திரும்பினோம். இதற்கு வெற்றி என்று பெயரிடுவது சொல்லுக்கே இழைக்கும் அநீதியாகும்.

கடைத்தெருவில் இரு வியாபாரிகள் இருக்கின்றனர். ஒருவன் கடை மூடினால் மற்றவனுக்கு லாபம். எதிர்க்கடை இல்லாமலே அவன் வாழ்நாள் முழுதும் வியாபாரம் செய்ய முடியும். ஆட்டக்காரனுக்கு அப்படியன்று. எதிர்க்கட்சி இல்லையேல் அவன் பனிக்கட்டியின்மீது தனியே சறுக்கும் ஒரு மனிதன், அவ்வளவே. தன்னை ஆட்டக்காரனாக்குகிறவனை அவன் எப்படி முடமாக விரும்பலாம்?

இதை நன்குணர்ந்த ஒருவர் இருந்தார். ஹோபி பேக்கர் என்பவர் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் 1914இல் படிப்பை முடித்தவர். அக்காலத்தில் அவருக்கு இணையான ஆட்டக்காரர் அந்நாட்டில் இல்லை என்பர். அவரைத் தடுக்க எதிர்க்கட்சியார் ஓயாமல் அடிப்பதுண்டு. ஆயினும் ஆட்டம் முடிந்ததும் எதிர்க்கட்சியார் உடைமாற்றும் அறைக்குத் தாமே சென்று கைகுலுக்கி வருவது அவர் வழக்கம். வென்ற நாளில் இதைச் செய்ய யாராலும் ஆகும். தோற்ற நாளில் அந்தக் கதவைத் தட்டுவதுதான் பெரிது. 1918 டிசம்பரில் பிரான்சில் விமான விபத்தில் அவர் மாண்டார். கல்லூரி ஆட்டக்காரருள் முதன்மையானவருக்கு ஆண்டுதோறும் அளிக்கும் பரிசு 1981 முதல் அவர் பெயரால் வழங்குகிறது.

நிற்க. கல்லூரிப் பகையில் மற்றொரு விந்தை உண்டு. நான்காண்டுகளில் ஆட்டக்காரர் ஏறக்குறைய எல்லாரும் மாறிவிடுகின்றனர். சென்ற தலைமுறையில் அடித்தவனும் இல்லை, அடிபட்டவனும் இல்லை. ஆயினும் பார்ப்போர் வரிசையில் பகை மட்டும் மாறாமல் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் வெறுக்கப்படுபவன் யார்? ஒரு சட்டையின் நிறம்! நேற்று வந்து அச்சட்டையை அணிந்த பையன், தான் செய்யாத குற்றங்களுக்கெல்லாம் வாரிசாகிறான். பிறப்பை வைத்து மனிதனை மதிப்பிடும் கொடுமையை அறிந்த நமக்கு இந்த முறை புதியதன்று.

அச்சட்டையைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுண்டு. 1976இல் தேசியப் போட்டியின் அரையிறுதியில் மினசோட்டாவும் பாஸ்டன் சர்வகலாசாலையும் சந்தித்தபோது, ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே பெருங் கைகலப்பு மூண்டது. அப்பகை பின்னும் புகைந்துகொண்டிருந்தது. நான்காண்டு கழித்து, 1980 ஒலிம்பிக்குக்காக அமெரிக்கா அனுப்பிய இருபதின்மருள் ஒன்பதின்மர் மினசோட்டாவினர். நால்வர் பாஸ்டன் சர்வகலாசாலையினர். பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ், 1976இல் மினசோட்டாவை நடத்திய அவரே; தலைவர் மைக் எருஸியோனியோ பாஸ்டன்காரர். சோவியத் கட்சியை அவர்கள் 4-3 என வென்றதும், வெற்றிக் கோலை எருஸியோனி அடித்ததும் உலகறிந்த செய்தி. 1976இல் அவருடைய கால் முறிய வேண்டுமென்று மினசோட்டாவில் எவரேனும் விரும்பியிருந்தால், அவ்விருப்பம் நிறைவேறாமற்போனதற்கு 1980இல் அவரே மகிழ்ந்திருப்பார்!

இனிச் சொல்லப்போவது துயரமானது. 1995 அக்டோபர் 20ஆம் நாள், பாஸ்டன் சர்வகலாசாலை தன் அரங்கில் நார்த் டக்கோட்டாவை எதிர்த்துப் பருவத்தின் முதற் பந்தயத்தை ஆடியது. முந்திய பருவத்தில் வென்ற பட்டத்துக்கான கொடியை அன்று மாலைதான் உயர்த்தினர். டிராவிஸ் ராய் என்னும் முதலாண்டு மாணவர், வயது இருபது, கல்லூரிக்காகத் தளத்தில் இறங்கியது அன்றே முதன்முறை. பதினொரு விநாடி கழிந்தது. எதிரியை மோதப் போனவர் தடுப்புச் சுவரில் தலைகுப்புற விழுந்து கழுத்தெலும்பு முறிந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போயிற்று. எவரும் வஞ்சம் செய்யவில்லை. எவரும் விதி மீறவில்லை. அவர் 24ஆம் எண் சட்டையை 1999 முதல் வேறெவருக்கும் கொடுப்பதில்லை. தம்மைப்போல் முதுகுத்தண்டு பழுதுற்றோருக்கு உதவத் தம் பெயரால் ஒரு நிதியம் அமைத்து உழைத்து, 2020இல் நாற்பத்தைந்தாம் வயதில் காலமானார். "அவனுக்கு அடிபட்டால் நல்லது" என்று விளையாட்டாய்ச் சொல்லும் சொல்லின் உள்ளே இருப்பது இதுதான். பட்டியலில் ஒரு வரியாக அச்சாகும் காயம், ஒரு தாய்க்கு மகனுடைய உடம்பு.

இவ்வளவு சொன்ன பின்னும் ஓர் ஆட்சேபம் எஞ்சி நிற்கும். எதிரிக்குக் காயம் என்று படித்தவுடன் நெஞ்சில் துள்ளும் அந்த முதல் மகிழ்ச்சி கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதைத் தடுக்க எவராலும் ஆகாது என்பர். உண்மையே. ஆனால், துள்ளியதைப் பக்கத்திலிருப்பவனிடம் சொல்லிச் சிரிப்பதும், அரங்கத்தில் அதற்காகக் கைதட்டுவதும் தாமாக வருவன அல்ல. அவற்றை நாமே செய்கிறோம். அரங்குக்குத் தந்தையோடு வரும் சிறுவன் பார்ப்பது அந்தக் கைதட்டலைத்தான். வீழ்ந்து கிடக்கும் எதிரி எழுந்து நிற்கும்வரை தன் தந்தையின் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை அவன் மறப்பதில்லை.