கைதட்டியவனின் கணக்கு

போன மாதம் சிங்காநல்லூர் பக்கம் ஒரு பேக்கரியில் அவனைப் பார்த்தேன். கோயம்புத்தூரில் டீக்கடை என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. எந்தத் தெருமுனையிலும் ஒரு பேக்கரி இருக்கும், அதன் வாசலில் நின்றபடி டீ குடிக்கும் நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலு பேரில் ஒருவனாக அவன் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும், பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. எனக்கும் அதே யோசனைதான். பிறகு அவனே, "வாங்ணா, டீ சொல்லட்டுங்களா?" என்றான்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், சரவணம்பட்டியில் ஒரு ஐடி அலுவலகத்தின் நான்காவது மாடியில், எழுபது பேருக்கு முன்னால் அவன் ஒரு செயலியைக் காட்டினான். மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கும் கூட்டம் அது. நிரல் எழுதுகிறவர்கள், தொழில் தொடங்க நினைப்பவர்கள், தொடங்கிவிட்டவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். அதை நடத்துகிற ஐந்து பேரில் நானும் ஒருவன். யாருக்கும் சம்பளம் கிடையாது. யாரோ அறை தருவார்கள், யாரோ சமோசா வாங்கித் தருவார்கள். புரொஜெக்டர் கேபிள் மட்டும் ஒவ்வொரு மாதமும் யாரிடமும் இருக்காது.

அவன் அப்பாவுக்குக் கணபதியில் இரண்டு லேத் உள்ள சின்னப் பட்டறை. இந்த ஊரில் ஒரு பம்ப் உருவாகும் விதம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஒரு பவுண்டரியில் வார்ப்பார்கள், இன்னொரு பட்டறையில் கடைவார்கள், மூன்றாவது இடத்தில் துளை போடுவார்கள். ஒரு இரும்புத் துண்டு டெம்போவில் ஊரையே சுற்றி வரும். அதோடு ஒரு டெலிவரி சலானும் சுற்றும். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வராவிட்டால், ஜிஎஸ்டி சட்டப்படி அதை அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு வைத்துவிடுவார்கள். ஆனால் சலான் எண்ணெய்க் கறையோடு ஏதோ டிராயரில் கிடக்கும். "நூத்தி இருபது பீஸ் அனுப்பினேன்", "நூத்திப் பத்துதான் வந்துச்சு" என்று வருடக் கடைசியில் சண்டை வரும். அவன் செய்த செயலி அந்தச் சண்டையைத் தீர்த்தது. சலானைப் படம் எடுத்தால் போதும், யாரிடம் யாருடைய சரக்கு எத்தனை நிற்கிறது என்று காட்டிவிடும். அழகான வேலை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

பேசி முடித்தபோது, "வேலையை விட்டுட்டு இதுல முழுசா இறங்கலாமான்னு யோசிக்கிறேன்" என்றான். மைக் என் கையில் இருந்தது. "இன்னும் என்ன யோசனை? நீ செய்யாட்டி நாளைக்கு பெங்களூர்ல இருந்து ஒருத்தன் வந்து செய்வான்" என்றேன். எழுபது பேரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். குழுப்படம் எடுத்தோம்.

இரண்டு மாதத்தில் அவன் வேலையை விட்டான். பத்தொன்பதாவது மாதம் கடையை மூடினான். இடையில் அவன் சேமிப்பு போனது, அம்மாவின் நகை அடகுக்குப் போனது, கடைசியில் இரண்டு லேத்தில் ஒன்று போனது. செயலியில் குறை ஒன்றும் இல்லை. பட்டறைக்காரர்கள் ஆசையாகப் பயன்படுத்தினார்கள். மாதம் ஐந்நூறு ரூபாய் என்றதும், "பில்லைக் குடு தம்பி, பார்ட்டி பணம் வந்ததும் தர்றேன்" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் மூன்று மாதம் கழித்துத் தருகிறவரிடமும் அடுத்த ஆர்டர் வேண்டும் என்பதால் வாய் திறக்காமல் காத்திருப்பதுதான் அவர்கள் பிழைப்பு. தனக்கே தொண்ணூறு நாள் கடனில் ஓடுகிறவர், இவனுக்கு மட்டும் எப்படி முதல் தேதி பணம் தருவார்?

டீ வந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் சொன்னான்: "உங்க மேல ஒண்ணும் இல்லீங்ணா. நீங்க சொல்லாட்டியும் நான் விட்டிருப்பேன்."

அந்த மன்னிப்பை நான் கேட்கவில்லை. அது கிடைத்த பிறகுதான், கேட்டிருக்க வேண்டுமோ என்று உறைத்தது.

*

முதலில் எனக்குச் சாதகமான வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். அவன் விவரம் தெரிந்த ஆள். கேள்வி கேட்டது அவன், முடிவெடுத்தது அவன். நான் ஒரு வாக்கியம் சொன்னேன், அவ்வளவுதான். எழுபது பேர் கூடும் இடத்தில் சொல்லப்படும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொறுப்பேற்க வேண்டுமென்றால் யாரும் வாயே திறக்க முடியாது.

இந்த வாதத்தில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை. ஆனால் அதை இப்படித் திருப்பிப் பார்க்கலாம். அவன் ஜெயித்திருந்தால்? "அன்னிக்கு நம்ம மீட்டப்ல நான்தான் அவனைத் தள்ளிவிட்டேன்" என்று அடுத்த பத்து வருடம் ஒவ்வொரு மேடையிலும் சொல்லியிருப்பேன். கூச்சமே இல்லாமல் சொல்லியிருப்பேன். வெற்றியில் பங்கு கேட்கும் ஒருவன், தோல்வியில் மட்டும் "முடிவு அவனுடையது" என்று தத்துவம் பேசுவது ஒரே கணக்குக்கு இரண்டு நோட்டு போடுகிற வேலை.

1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் இந்த இடத்தைத்தான் தோண்டினார்கள். 'அற அதிர்ஷ்டம்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். நம் கையில் இல்லாத விளைவுகளுக்கு நம்மைப் புகழவோ பழிக்கவோ கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம், ஆனால் நடைமுறையில் விளைவை வைத்துத்தான் புகழ்கிறோம், பழிக்கிறோம். வில்லியம்ஸ் ஒரு லாரி ஓட்டுநரைச் சொல்கிறார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை, ஆனாலும் ஒரு குழந்தை அவர் வண்டியில் அடிபட்டுவிடுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தவருக்கும் வருத்தம்தான். ஆனால் ஓட்டுநரின் வருத்தம் வேறு ரகம். சுற்றியிருப்பவர்கள் "உன் தப்பு இல்லப்பா" என்று சொல்ல வேண்டும், அதுதான் சரி. ஆனால் அவர் அதை உடனே ஏற்றுக்கொண்டு அடுத்த லோடுக்குக் கிளம்பிவிட்டால் நமக்கு அவர்மேல் ஒரு சந்தேகம் வரும்.

பேக்கரி வாசலில் அவன் "உங்க மேல ஒண்ணும் இல்லீங்ணா" என்று சொன்னது சரி. நான் அதை உடனே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தால்தான் தப்பு. அதிலும் நான் அந்த லாரி ஓட்டுநர் அளவுக்குக் குற்றமற்றவனும் இல்லை. அவன் கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருந்தது என்று நான் கேட்கவில்லை. கைதட்டு வாங்கும் வாக்கியம் எது என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன்.

*

இந்த ஊரில் தொழில் தொடங்குவது புதிதல்ல. 1888-இல் ஸ்டேன்ஸ் நூற்பாலை வந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொடங்கினார். அவரும் பாலசுந்தரமும் சேர்ந்து 1937-இல் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்தார்கள். பிறகு பம்ப், கிரைண்டர், அதற்கான வார்ப்படம், அதற்கான பட்டறை. லேத்தில் நின்ற தொழிலாளி பத்து வருடத்தில் சொந்த லேத் போடுவது இங்கே கதையல்ல, தெருவுக்குத் தெரு உண்டு.

அப்படிப் போட்டவர்களிடம் கேட்டால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். "தனியாப் போடு" என்று சொன்ன ஆள் வெறுமனே சொல்லவில்லை. பழைய முதலாளி முதல் ஆர்டரைத் தந்தார். மாமா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். பங்காளி ஒருவர் பழைய மிஷினைத் தவணைக்கு விட்டார். நாயுடுவின் முதல் பேருந்துக்குப் பின்னாலும் ஸ்டேன்ஸின் உதவி இருந்தது. ஊக்கம் கொடுத்தவன் கையும் சேர்ந்து மாட்டிக்கொண்டிருந்தது. ஆள் விழுந்தால் ஊக்கியவனுக்கும் அடிபடும். அதனாலேயே அவன் நாலு தடவை யோசித்துத்தான் ஊக்குவான்.

இதைச் சொல்லிவிட்டு "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று பெருமூச்சு விட எனக்கு விருப்பமில்லை. அந்த மாமா யாருக்கு மாமா? அந்தப் பங்காளி எந்தச் சாதியின் பங்காளி? ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் இல்லாதவர்கள் தலைமுறை தலைமுறையாக லேத்தில் நின்றபடியேதான் இருந்தார்கள். பெண்கள் அந்தப் பட்டறைக்குள் கணக்கெழுதக்கூட அரிதாகத்தான் வந்தார்கள்.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. வாசலில் யாரும் "நீ யார் வீட்டுப் பையன்?" என்று கேட்பதில்லை. நானே அப்படி ஒரு கதவு வழியாக வந்தவன்தான். என் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாரும் இல்லை. முதல் வேலைக்காகச் சென்னை போனபோது, 1998-இலிருந்து இயங்கிவந்த லினக்ஸ் பயனர் குழுவின் மாதக் கூட்டத்துக்கு ஐஐடி வளாகத்துக்குள் பயந்து பயந்து நுழைந்தேன். என் பெயர்கூடக் கேட்காமல் ஒருவர் என் மடிக்கணினியை வாங்கி அரை மணி நேரம் சரிசெய்து கொடுத்தார். கல்லூரி நான்கு வருடத்தில் தராததை அந்தச் சனிக்கிழமைகள் தந்தன. அந்தக் கடனை அடைக்கத்தான் இங்கே கூட்டம் நடத்துகிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க மறந்துவிட்டேன். அவர் எனக்குத் தந்தது தனக்குத் தெரிந்ததை. நான் அவனுக்குத் தந்தது எனக்குத் தெரியாததை. என் வாழ்க்கையில் நான் ஒருநாள்கூடத் தொழில் செய்ததில்லை. மாதக் கடைசியில் சம்பளம் வரும் வேலையில் இருந்துகொண்டு, வேலையை விடச் சொன்னேன். மாமாவின் சாதியை வெளியே நிறுத்தினோம், நல்லது. கூடவே அவருடைய ஜாமீன் கையெழுத்தையும் வெளியே நிறுத்திவிட்டோம். கதவைத் திறந்துவிட்ட நாங்கள், உள்ளே வந்தவன் விழுந்தால் யார் தூக்குவது என்று பேசவே இல்லை.

*

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா? இல்லை. "கையில இருக்கிற வேலையை விடாதே" என்று சொல்லும் சித்தப்பாக்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு எத்தனையோ பேர் முப்பது வருடம் பிடிக்காத நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நஷ்டத்தை யாரும் பார்ப்பதில்லை, அதற்காக எந்தச் சித்தப்பாவும் தூக்கம் கெட்டதில்லை. ஊக்குவதும் தடுப்பதும் இலவசமாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான்.

கோயிலில் கண் வியாதி குணமானவர்கள் வெள்ளியில் கண்மலர் சாத்துகிறார்கள். உண்டியலைத் திறந்தால் கண்மலர்கள் நிறைய இருக்கும். குணமாகாதவர்கள் எதைச் சாத்துவார்கள்? எங்கள் மேடையும் அப்படித்தான். ஜெயித்தவர்கள் மட்டும் ஏறுகிறார்கள். அதைச் சரிசெய்ய நினைத்து, தோற்ற கதைகளுக்காக ஒரு கூட்டம் வைக்கலாம், நீ வந்து பேசு என்று அவனிடம் கேட்டேன். சிரித்தான். "அந்த மாதிரி கூட்டத்துக்கும் போயிருக்கனுங்ணா. தோத்துட்டேன்னு ஆரம்பிப்பாங்க, கடைசி ஸ்லைடுல ஜெயிச்சிருப்பாங்க. எனக்குக் கடைசி ஸ்லைடு இல்லீங்களே."

வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார், அதை எங்கள் ஊர்க் கல்லூரி விழாக்களில் விடாமல் சொல்வார்கள். அதே பொருட்பாலில், அதற்கு முன்னதாகவே, தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. வரப்போகும் லாபத்தை நினைத்துக் கையில் இருக்கும் முதலையும் இழக்கவைக்கும் காரியத்தை அறிவுள்ளவர்கள் எடுக்க மாட்டார்கள் என்று அதில் வருகிறது. அங்கே அவர் பயன்படுத்தும் வினைச்சொல்லும் 'ஊக்கு' என்ற அதே வேரிலிருந்து வந்ததுதான். விழாக்களில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

*

பெரிய தீர்வு எதுவும் என்னிடம் இல்லை. கூட்டத்தில் சின்னதாக ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறோம். "வேலையை விடலாமா?" என்ற கேள்விக்கு மைக்கில் பதில் சொல்வதில்லை.

போன சனிக்கிழமை ஒரு பெண் அதையே கேட்டாள். துணிக்கடைகளுக்கான ஒரு மென்பொருள், நன்றாக இருந்தது. கூட்டம் கைதட்டத் தயாராக இருந்தது. "டீ டைம்ல பேசலாம்மா" என்றேன். அறை கொஞ்சம் ஏமாந்துபோனது தெரிந்தது. அப்புறம் முக்கால் மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினோம். சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் ஓடும், போடப்போவது யாருடைய பணம், எந்தத் தேதியில் நிறுத்திவிடுவாய் என்று கேட்டேன். மூன்றாவது கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த இரண்டு கடைக்காரர்களுக்கு அவள் எதிரிலேயே போன் போட்டேன். அவர்கள் இதற்குக் காசு தருவார்களா என்று அவளே போய்க் கேட்கட்டும். அவள் சரியாகச் செய்யாவிட்டால் என் பெயரும் கொஞ்சம் கெடும். கெடட்டும் என்றுதான் கொடுத்தேன்.

பேசி முடித்து மேலே போனபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் அவன் உட்கார்ந்திருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. இப்போது ஒரு பம்ப் கம்பெனியில் கணினிப் பிரிவில் இருக்கிறான், அப்பாவிடம் மிச்சமிருக்கும் ஒரு லேத் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றும் பேசவில்லை. எழுந்து வந்து மறுபக்க மேசையைப் பிடித்தான். இருவரும் தூக்கி ஓரமாக வைத்தோம்.