அரக்கும் கல்லும்: அட்டபந்தனம் எழுப்பும் கேள்வி

கருவறை மூர்த்தியும் அது நிற்கும் பீடமும் பெரும்பாலும் தனித்தனிக் கற்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள சந்தில் சார்த்தப்படும் மருந்துக்கு அட்டபந்தனம் என்று பெயர். புதுச்சேரியில் வில்லியனூர் கொம்யூனின் திருக்காமீசுவரர் கோயில், பாகூர் கொம்யூனின் சோழர் காலக் கற்றளியான மூலநாதர் கோயில் போன்ற சிவாலயங்களுக்கு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடக்க வேண்டும் என்பது மரபு. பழைய மருந்தை எடுத்துவிட்டுப் புதியதைச் சார்த்துவது அந்த விழாவின் முக்கியமான பணி. மருந்து இளகிவிட்டால் மூர்த்தியின் சாந்நித்தியம் குறையும் என்று அடியார்கள் அஞ்சுவதும் உண்டு.

இந்த அச்சத்துக்குள் ஒரு தத்துவக் கேள்வி இருக்கிறது. எங்கும் நிறைந்தவனை ஒரு பிசின் பிடித்து வைக்கிறது என்றால் அவன் கட்டுண்டவன் ஆகிறான். பிடித்து வைக்கவில்லை என்றால் மருந்து எதற்கு? இரண்டு பொருள்கள் ஒன்றாகாமலும் பிரியாமலும் சேர்ந்து நிற்பது எவ்வாறு என்ற பெரிய கேள்வியின் சிறிய வடிவம் இது.

மருந்தின் செய்முறையிலிருந்தே விடை தேடலாம். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, சுக்கான் தூள், காவிக்கல், சாதிலிங்கம், செம்பஞ்சு, எருமை வெண்ணெய் என எட்டுப் பொருள்கள் சொல்லப்படும். பத்ததிக்குப் பத்ததி சற்று மாறும். அரக்கும் குங்கிலியமும் பிசின்கள்; பிடிப்பு அவற்றால் வருகிறது. மெழுகும் வெண்ணெயும் அந்தப் பிடிப்புக்கு நெகிழ்வைத் தருகின்றன. சுக்கானும் காவியும் இடைவெளியை நிரப்பி, மருந்து காயும்போது சுருங்குவதைக் குறைக்கின்றன. பஞ்சின் இழைகள் விரிசலைத் தடுக்கின்றன. பிசின், பொடி, இழை மூன்றும் சேர்ந்த இதைப் பொருளறிவியல் தயங்காமல் கூட்டுப்பொருள் என்றே வகைப்படுத்தும். கலவையை வெண்ணெய்ப் பதம் வரும்வரை நெடுநேரம் இடிக்கிறார்கள். அந்த உழைப்பு வெறும் சடங்கன்று. பிசின் நனைக்காமல் விட்ட இழை எதுவோ அங்கேதான் மருந்து முதலில் விடும்.

விமான உறுப்புகளுக்குப் பயன்படும் கார்பன் இழைக் கூட்டுப்பொருளிலும் சிக்கல் இதே இடத்தில்தான். சுமார் 7 மைக்ரான் தடிமனுள்ள கார்பன் இழை, இழுவிசையைத் தாங்குவதில் எஃகை மிஞ்சும். ஆனால் அதன் மேற்பரப்பு எதோடும் எளிதில் சேராது. சூட்டில் உருகிக் குளிர்ந்தால் இறுகும் நைலான், பாலிபுரொப்பிலீன், பீக் போன்ற பிளாஸ்டிக்குகளோ உருகிய நிலையிலும் கெட்டியானவை. இழைகளுக்கு நடுவே புகத் திணறும். பீக் உருகுவதற்கே 343 டிகிரி செல்சியஸ் வேண்டும். சூட்டில் மீண்டும் உருகாத இபாக்சிப் பிசினுக்கென்று இழையின் மேல் பூசிய மென்பூச்சு அந்தச் சூட்டில் சிதைந்துவிடும். ஆகவே இழையின் மேற்பரப்பை ஆக்சிஜனேற்றம் செய்கிறார்கள், பிளாஸ்மாவால் பதப்படுத்துகிறார்கள், அல்லது இரு பக்கத்தோடும் உறவுள்ள மெல்லிய படலம் ஒன்றை நடுவில் வைக்கிறார்கள்.

பிடிப்பை எவ்வளவு கூட்டினாலும் நல்லது என்று தோன்றலாம். அது உண்மையன்று. பிடிப்பு குறைந்தால் இழை சுமையை ஏற்காமல் உருவிக்கொண்டு வரும். அளவு மீறினால் பிளாஸ்டிக்கில் தொடங்கிய விரிசல் இழையையும் வெட்டிக்கொண்டு நேராக ஓடி, முழுப் பொருளும் கண்ணாடியாய் நொறுங்கும். நொறுங்கும் தன்மையுள்ள பொருள்களுக்கு நடுவில் சற்றே விட்டுக்கொடுக்கும் எல்லை இருந்தால் விரிசல் அங்கே திசைமாறி வலுவிழக்கும் என்று குக், கார்டன் என்ற ஆய்வாளர்கள் 1964இல் காட்டினார்கள். இழை இழையாகவும் பிசின் பிசினாகவும் இருந்துகொண்டே சேர்ந்திருப்பதால்தான் இரண்டுக்கும் தனியே இல்லாத உறுதி பிறக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் எடுத்துக்கொண்ட கேள்வியும் இந்தச் சேர்க்கையைப் பற்றியதே. புதுச்சேரிக்கு மேற்கே, இன்றைய விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர் அவரோடு சேர்த்துப் பேசப்படும் ஊர். தம் நூலான சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரத்தை விளக்கும் வெண்பா ஒன்றில், இறைவன் உலகோடு கலந்து நிற்பதற்கு அரக்கை உருக்கிக் கல்லோடு சேர்த்த நிலையை அவர் உவமையாக்குகிறார். இந்தத் தேர்வு மிக நுட்பமானது. பொருள் ஒன்றே என்று கேவலாத்துவிதம் சொல்லும். இரண்டும் என்றும் வேறு என்று மத்துவரின் துவிதம் சொல்லும். சித்தாந்தம் இரண்டையும் ஏற்காமல், கலப்பினால் ஒன்றாய், பொருள் தன்மையால் வேறாய், செயலில் உடனாய் நிற்கும் உறவையே அத்துவிதம் என்கிறது. அரக்கில் பதிந்த கல் அரக்காக மாறுவதில்லை, பிரிந்து கிடப்பதும் இல்லை.

உயிரைப் பற்றியிருப்பது இறைவன் மட்டுமன்று. செம்பில் களிம்பு போல ஆணவம் என்னும் மலமும் தொடக்கமில்லாத காலமாகப் பற்றியிருக்கிறது என்பது சித்தாந்தம். இங்கே மருந்து சார்த்துவோரின் அனுபவம் துணைக்கு வருகிறது: பழைய மருந்தைச் சுரண்டி, சந்தைத் துடைத்து உலர்த்தாமல் புதியது பிடிக்காது. அதுபோல ஆணவம் நீங்காமல் உயிர் இறைவனோடு உள்ள பிடிப்பை உணராது. ஒட்டு இல்லாமல் போனால் அரக்காகிய இறைவனுக்கு இழப்பில்லை, கல்லாகிய உயிருக்கே இழப்பு.

உவமைக்கு எல்லையும் உண்டு. அரக்கு சூட்டில் இளகும், காலத்தில் வெடிக்கும். இறைவன் உயிரோடு கூடியிருப்பதற்கோ தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அந்தக் கூட்டுறவை எந்த மருந்தும் உண்டாக்கவில்லை. திருப்பணி தொடங்கும்போது நடக்கும் கலாகர்ஷணம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மூர்த்தியின் கலைகள் கும்பத்துக்கு மாற்றப்பட்டு, பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னதியில் வழிபாடு தொடர்கிறது. பிறகுதான் கருவறையில் கைவைக்கிறார்கள். அதாவது மருந்து பிடித்திருப்பது கல்லைக் கல்லோடுதான், தெய்வத்தை அன்று. கல் அசையாமல் நிற்க வேண்டியது, கண்ணால் கண்டு கையால் தொழ வேண்டிய உயிர்களின் பொருட்டு.

12 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருப்பதை மருந்தின் குறை என்று கருதி இபாக்சியையோ சிமெண்டையோ நாடுவது பொருத்தமாகாது. இறுகிய இபாக்சி மீண்டும் உருகாது. கல்லைச் சேதப்படுத்தாமல் அதைப் பிரித்தெடுப்பது கடினம். அரக்கு மருந்தைச் சூடேற்றி இளக்கலாம், எடுக்கலாம், பீடத்துக்குக் காயமில்லாமல் மறுபடி சார்த்தலாம்.