பசி விடுப்பில் போன மாதங்கள்

எடை குறைப்பதற்கான கேஸ்ட்ரிக் பைபாஸ் அறுவையைச் செய்துகொண்டவர்களிடம் முதல் சில மாதங்களைப் பற்றிக் கேட்டால், வலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இப்போதெல்லாம் லேப்ராஸ்கோப்பி முறையில் சின்னச் சின்னத் துளைகள் போட்டுத்தான் செய்கிறார்கள். சிக்கல் இல்லையென்றால் சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவர்களைத் திகைக்க வைப்பது வேறு. பசிக்கவே மாட்டேன் என்கிறது. மணி பதினொன்று ஆன பிறகுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது உறைக்கிறது. அதுவரை பசியோடு மல்லுக்கட்டியே காலத்தை ஓட்டியவர், கைப்பேசியில் அலாரம் வைத்துச் சாப்பிட ஆரம்பிக்கிறார்.

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999 இல் கண்டுபிடித்தார்கள். பெரும்பகுதி இரைப்பையில்தான் அது சுரக்கிறது. சாப்பாட்டு வேளை நெருங்கும்போது இரத்தத்தில் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய காணாமல் போயிருப்பதை 2002 இல் அமெரிக்காவில் டேவிட் கம்மிங்ஸின் குழு காட்டியது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதையே சொல்லவில்லை. 'போதும்' என்று மூளைக்குத் தகவல் அனுப்பும் ஜிஎல்பி-1 போன்ற குடல் ஹார்மோன்கள் பெருகுவதற்கும் இதில் பங்கு உண்டு. இன்று எடை குறைக்க ஊசியாகப் போட்டுக்கொள்ளும் மருந்துகள் நகல் செய்வது இந்த ஜிஎல்பி-1 ஐத்தான்.

பசி போனதும் ஒரு கேள்வி கிளம்புகிறது. பசிக்காதபோதும் சாயங்காலம் நாலு மணிக்குக் கை ஏன் முறுக்கு டப்பாவைத் தேடுகிறது? மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த இரவில் ஏன் பிரியாணி ஞாபகம் வருகிறது? இதுநாள் வரை பழி முழுவதையும் பசியின் மேல் போட முடிந்தது. அது விடுப்பில் போன பிறகும் சாப்பிடத் தோன்றினால், அந்தச் சாப்பாடு வேறு எதற்கோ ஆனது என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தனிமைக்கு, அலுப்புக்கு, அம்மாவின் முகம் வாடக் கூடாது என்பதற்கு. அறுவை அந்தப் பக்கம் போவதே இல்லை.

இந்த அறுவையின் யோசனை பிறந்தது அல்சர் நோயாளிகளைப் பார்த்து. இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்கள் மெலிந்து போவதையும், அவர்களுக்கு மறுபடி எளிதில் எடை ஏறாததையும் அயோவா பல்கலைக்கழக அறுவை நிபுணர் எட்வர்ட் மேசன் கவனித்தார். 1966 இல் சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து முதல் கேஸ்ட்ரிக் பைபாஸைச் செய்தார். இப்போது வழக்கத்தில் உள்ள வடிவத்தில், இரைப்பையின் மேல்முனையில் ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டிக் கீழே உள்ள இடத்தோடு நேராகத் தைத்துவிடுகிறார்கள். மீதி இரைப்பையை வெளியே எடுப்பதில்லை. அது உள்ளேயே இருந்து சாறு சுரந்து, இன்னொரு கிளையாகக் கீழே வந்து சேர்கிறது. குடலை இப்படி ஆங்கில 'ஒய்' எழுத்துப் போல இணைக்கும் உத்திக்கு, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேலை பார்த்த சீசர் ரூ என்ற மருத்துவரின் பெயர். ஒரு லிட்டருக்கும் மேல் விரியக்கூடிய இரைப்பை இருந்த இடத்தில் இப்போது இரண்டு மேசைக்கரண்டிதான் இடம்.

எடை குறையும் என்று எதிர்பார்த்துத்தான் செய்தார்கள். சர்க்கரையும் குறைந்தது, அதுவும் எடை இறங்கக் காத்திராமல், பலருக்குச் சில நாட்களிலேயே. வட கரோலினாவில் வால்டர் போரீஸ் 1995 இல் வெளியிட்ட கட்டுரையில் 608 பேரின் கணக்கு இருக்கிறது. அவர்களில் இரண்டாம் வகை நீரிழிவு இருந்த 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பு அளவுக்கு வந்திருந்தது. ஆசிய உடல்வாகுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது என்பதால், 2022 இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5 இலிருந்தே அறுவையை யோசிக்கலாம் என்கிறது. தமிழ்நாட்டிலும் பலர் இந்த அறுவையைப் பற்றி விசாரிக்கத் தொடங்குவது கண்ணாடியைப் பார்த்து அல்ல, இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துத்தான்.

முதல் வாரங்கள் எல்லாம் திரவம். வடிகட்டிய பருப்புத் தண்ணீர், நீர்மோர், கொழுப்பு நீக்கிய சூப், பிறகு பால், புரத மாவு கலந்த பானம். அதற்கப்புறம் மசித்தது; அதற்கும் பிறகு குழைந்தது. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வீட்டுச் சாப்பாட்டின் பக்கம் வரலாம். நாளைக்கு ஒன்றரை லிட்டராவது தண்ணீர் போக வேண்டும், ஆனால் மடக்கு மடக்காகக் குடிக்க முடியாது. நாள் முழுக்க வாய் நனைத்தபடியே இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் ஒன்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அது நிற்காத வாந்தி. உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமினின் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. வாந்தி தொடர்ந்தால் அது தீர்ந்துபோய், பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, மனம் குழம்பிவிடலாம். தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் இழுத்துக்கொள்வதை ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மன் கண்டது 1890 களில். தயமின் குறைவால் வரும் பெரிபெரி என்ற அந்தப் பழைய அரிசிக் காலத்து நோய், நவீன அறுவைக் கூடத்தின் வாசலில் மறுபடி வந்து நிற்கிறது. தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை இது. குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஏற்ற வேண்டும்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்தவுடன் தமிழ்ச் சமையலறையில் ஒரு கணக்கு இடிக்கிறது. நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்று டயட்டீஷியன் எழுதிக் கொடுத்திருப்பார். ஓர் இட்லியில் இரண்டு கிராம் அளவுக்குத்தான் புரதம். இட்லியை மட்டும் நம்பினால் முப்பது தின்ன வேண்டும். பையோ அரை இட்லியிலேயே நிறைந்துவிடும். ஆகவே தட்டைத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கிறது. சோறு நடுவில் மலையாக உட்கார்ந்து, பொரியலும் கூட்டும் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் வரிசையில், ஓரத்தில் இருப்பதை முதலில் சாப்பிட வேண்டும். முட்டை என்றால் ஒன்றுக்கு ஆறு கிராம். கோழியும் மீனும் நூறு கிராமுக்கு இருபதும் அதற்கு மேலும். பனீர் பதினெட்டு அளவில். கெட்டித் தயிர், வேகவைத்து மசித்த கொண்டைக்கடலை, பாசிப்பருப்புச் சுண்டல், நன்றாக ஊறவைத்த சோயா. சோறு கடைசியில், இடம் இருந்தால். மீன் குழம்பு வைக்கும் வீடுகளுக்கு இது அவ்வளவு கஷ்டமில்லை. குழம்பை விட்டுவிட்டு மீனை எடுத்துக்கொள்ளலாம். சைவ வீடுகளில்தான் பாடு. பருப்பைத் தண்ணீராகக் கரைத்து சாம்பார், ரசம் என்று ஊற்றிப் பழகிய சமையலில் புரதத்தைவிடப் புளித்தண்ணீர் அதிகம்.

அப்புறம் ஈரம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். குழைத்துப் பிசைந்து, ரசத்தில் மிதக்கவிட்டு, மோரோடு முடிக்கும் சாப்பாட்டு முறைக்கு இது நேர் எதிர். மெல்லாமல் விழுங்கும் பழக்கம் வேறு. ரசம் சாதத்தை யார் மென்றிருக்கிறார்கள்? இப்போது ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது தடவை மெல்ல வேண்டும். பரோட்டாவும் உலர்ந்த கோழித்துண்டும் களி போலக் குழைந்த சோறும் பையின் வாயில் போய் நின்றுகொள்ளும். நெஞ்சுக்குக் கீழே அழுத்தும், எச்சில் ஊறும், எழுந்து போய் வாந்தி எடுத்தால்தான் தீரும். ஒரே ஒரு வாய் அதிகமானதற்கு இவ்வளவும்.

இனிப்புக்கு உடம்பு வேறு விதமாகப் பதில் சொல்கிறது. ஒரு கிண்ணம் பாயசம் போன பத்து முதல் முப்பது நிமிடங்களில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு பிசையும், கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். சர்க்கரை இரைப்பையில் தங்காமல் குடலுக்குள் திடீரென்று கொட்டுவதால் வரும் இந்த நிலைக்கு டம்பிங் என்று பெயர். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும். இதைச் சிலர் வரமாகவே பார்க்கிறார்கள்: மனக்கட்டுப்பாடு சாதிக்காததை உடம்பு சாதித்துக் கொடுக்கிறதாம். பாதி உண்மைதான். டம்பிங் எல்லோருக்கும் வருவதில்லை, வந்தவர்களுக்கும் காலப்போக்கில் தணியலாம். மிக்சரும் சிப்ஸும் அதைத் தூண்டாமலேயே உள்ளே போய்விடும். வாயிலேயே கரைந்துவிடும் நொறுக்குத் தீனிக்குப் பையும் எதிர்ப்புக் காட்டாது.

இதையெல்லாம்விடக் கஷ்டம் பந்தியில் உட்காருவது. இலை போட்டாயிற்று, பரிமாறுகிறவர் கை நிற்காது. "போதும்" என்றால் மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி வைப்பார். இலையில் மிச்சம் வைத்தால் சமைத்த வீட்டுக்கு மனத்தாங்கல். மூன்று வாய்க்கு மேல் போகாத ஒருவர் அங்கே அரை மணி நேரம் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊரில் ஓர் அத்தை கன்னத்தைத் தடவி, "என்னப்பா இப்படி ஒட்டிப்போயிட்டே, சுகர் ஏதும் வந்துடுச்சா?" என்பார். சுகர் போனதால் மெலிந்தவரிடம் கேட்கப்படும் கேள்வி. போதாததற்கு, மூன்றாம் மாதத்தை ஒட்டிக் கொத்துக் கொத்தாக முடி வேறு கொட்டும். வேகமாக எடை குறையும்போது நடப்பதுதான். புரதமும் இரும்பும் குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். அத்தைக்கு அதை யார் விளக்குவது?

ஆகவே பலர் அறுவையை மறைத்துவிடுகிறார்கள். அல்சர் என்கிறார்கள், டயட் என்கிறார்கள். அறுவை செய்து மெலிவது குறுக்கு வழி, உழைக்காமல் வந்த மெலிவு என்ற ஏளனம் இங்கே மட்டுமல்ல, எல்லா ஊரிலும் உண்டு. அதற்கு நேர் எதிராக நடந்துகொண்டவர் அமெரிக்கப் பாடகி கார்னி வில்சன். 1999 இல் தன் அறுவையை இணையத்தில் நேரலையாகக் காட்டச் சம்மதித்தார். ஏராளமாக எடை குறைந்தது. பிறகு ஏறியது. 2012 இல் இன்னோர் அறுவையும் செய்துகொண்டார், அதையும் மறைக்கவில்லை.

எடை திரும்புவது விதிவிலக்கல்ல. அமெரிக்கத் தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் ஆல் ரோக்கர், சாகக் கிடந்த தந்தைக்குக் கொடுத்த வாக்குக்காக எடையைக் குறைக்க முடிவெடுத்து, 2002 இல் பைபாஸ் செய்துகொண்டார். நாற்பது கிலோவுக்கு மேல் இறங்கியது. சில ஆண்டுகள் கழித்துத் தாய் நோயில் விழுந்தபோது, அந்தக் கவலையில் பதினெட்டு கிலோ அளவுக்கு மீண்டும் ஏறிவிட்டது. தன் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். அவருக்கு ஏறிய எடையின் கணக்கைப் பசியின் பெயரில் எழுத முடியாது. சுவீடனில் நான்காயிரம் பேரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2007 இல் வெளியானது. அதில் பைபாஸ்காரர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்திருந்தார்கள். பத்தாண்டு கழித்து அந்த இழப்பு 25 சதவீதம். சிகிச்சை தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. அறுவை செய்துகொண்டவர்களிடம் மரணங்கள் குறைவு என்பதையும் அதே ஆய்வுதான் காட்டியது. ஆனால் முதல் வருடத்தின் பசியின்மையை நிரந்தரம் என்று நம்பியவர்களுக்கு இரண்டாம் வருடம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். விடுப்பில் போனது வேலைக்குத் திரும்பிவிடுகிறது.

சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போன பிறகு சிலர் வேறொன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். பைபாஸ் ஆன வயிற்றில் மதுவும் தங்காது. நேரே குடலுக்கு இறங்கி, சட்டென்று இரத்தத்தில் ஏறும். முன்பு மூன்று கோப்பையில் வந்த போதை ஒன்றில் வரும். மதுப் பழக்கச் சிக்கல் அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதத்தினரிடம் இருந்தது, அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் ஆண்டில் 9.6 ஆக உயர்ந்தது என்று 2012 இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. கால்பந்து வீரர் மரடோனா 2005 இல் கொலம்பியாவின் கார்தஹேனாவில் இந்த அறுவையைச் செய்துகொண்டு, அதே ஆண்டில் மெலிந்த உடம்போடு தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினார். 2007 இல் அளவு மீறிய குடியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருடைய போதைச் சிக்கல்கள் அறுவைக்கு வெகுகாலம் முந்தியவை, பழியை அறுவையின் மேல் போட்டால் நியாயமாகாது. எடை குறைந்துவிட்டது என்பதால் அவை தாமாகப் போய்விடவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் வருடத்தில்தான் பலர் சத்து மாத்திரைகளையும் நிறுத்திவிடுகிறார்கள். உடம்பு இலகுவாக இருக்கிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, இனி எதற்கு என்று தோன்றிவிடும். இரும்புச்சத்து அதிகம் உறிஞ்சப்படும் சிறுகுடலின் முன்பகுதியை உணவு இனி வாழ்நாள் முழுக்கத் தொடப்போவதில்லை. பி12 ஐப் பிரித்தெடுக்கும் அமிலமும் சிறு பையில் போதாது. அந்த வைட்டமினுக்குக் கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் கையிருப்பு உண்டு. அதனால் குறைபாடு உடனே தெரியாது. பாதம் மரத்துப்போகும்போது காரணம் மறந்தே போயிருக்கும். பால் தவிர பி12 க்கு வேறு வழியில்லாத சைவர்கள் ஏற்கெனவே விளிம்பில் நிற்பவர்கள். கால்சியத்தில், அமிலம் தேவைப்படாத சிட்ரேட் வகை நல்லது. அதையும் இரும்பு மாத்திரையையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும். காபி, டீயோடு இரும்பை விழுங்கினால் பாதி வீண்.

அறுவையை மறைத்ததன் விலை தெரிவதும் இங்கேதான். முழங்கால் வலி என்று மருந்துக் கடையில் கேட்டால் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரூஃபனோ எடுத்து நீட்டுவார்கள். பைபாஸ் ஆனவருக்கு அவை குடலைத் தைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கலாம், புண்ணிலிருந்து இரத்தம் கசியலாம், சில சமயம் ஓட்டையே விழும். புகையிலையும் அதே வேலையைச் செய்யும். பாரசிட்டமால் போதும் என்று சொல்ல, கடைக்காரருக்கோ பல் பிடுங்கும் மருத்துவருக்கோ பிரசவம் பார்க்கப்போகிறவருக்கோ விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பத்தைப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் தள்ளிப்போடச் சொல்வதும் இந்தச் சத்துக் கணக்கினால்தான். அத்தையிடம் அல்சர் என்றே சொல்லிக்கொள்ளட்டும். எந்த அறுவை, எந்த ஆண்டு, என்ன மாத்திரை என்று எழுதிய ஒரு சீட்டு பர்ஸில் ஆதார் அட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். அவசரப் பிரிவில் மயங்கிக் கிடக்கும்போது அதைப் பார்ப்பவருக்கு முதலில் எதை ஏற்ற வேண்டும் என்று தெரியும்.