மாணாக்கரும் நியமமும்



சாக்கிய நாயனாருடைய சரித்திரத்தை நாம் வகுப்பிலே பலமுறை சொல்லியிருக்கின்றோம். சங்கமங்கையிலே பிறந்து, பிறவித்துன்பம் நீங்கும் வழியை நாடிக் காஞ்சிக்குச் சென்று, புத்தசமயத்தைச் சார்ந்து, பின்பு சிவநெறியே மெய்ந்நெறியெனத் தெளிந்தும் அவ்வேடத்தை நீக்காதிருந்தவர் அவர். ஒருநாள் வெளியிடத்திலே ஒரு சிவலிங்கத்தைக் கண்டு, அன்பு மேலிட்டு, அயலிற் கிடந்த கல்லொன்றை எடுத்தெறிந்தார். மறுநாள் அது திருவருட்செயலென்றெண்ணி, அதனையே நாடோறுஞ் செய்யும் நியமமாகக் கொண்டார். கல்லெறிதலும் பூசையாகுமோ என்று பிள்ளைகள் கேட்பார்கள். அன்பினால் எறிந்தமையின் அது பூசையாயிற்று என்று விடைசொல்லி அப்பாற் போய்விடுகின்றோம். ஆசிரியராகிய நாம் நின்று நோக்கவேண்டிய இடமோ அதற்குப் பின்னே உள்ளது. ஒருநாள் அவர் மறந்துவிட்டார். பசியோடு உண்ணத் தொடங்கும் வேளையிலே நினைவு வந்தது. உணவை விட்டெழுந்து ஓடிச்சென்று கல்லெறிந்தார். அப்பொழுதே சிவபெருமான் இடபத்தின்மேல் எழுந்தருளிக் காட்சி கொடுத்தார்.

அவரை உணவினின்றும் எழுப்பியவர் யாவர்? மணியடித்தவரில்லை. வரவுப் பதிவேட்டிற் பெயர் கூப்பிட்டவரில்லை. தரித்த வேடமோ பிறசமய வேடம். ஆதலின் “இன்று ஏன் போகவில்லை” என்று கேட்பாரும் இல்லை. (மிஷன் பாடசாலையிற் படித்த எனக்கு இச்சரித்திரத்தில் ஒரு தனிப்பற்றுண்டு. அது நிற்க.)

உயர்தர வகுப்பு மாணாக்கரைப்பற்றியே இன்று பேச எடுத்துக்கொண்டேன். சாதாரணதரப் பரீட்சைக்கும் சர்வகலாசாலைக்கும் இடையிலுள்ள அவ்வாண்டுகளிலே பிள்ளை விடியுமுன் ரியூட்டரிக்குப் போகின்றான், பின் பாடசாலை, மாலையில் மீண்டும் ரியூட்டரி. எந்நேரம் எங்கே இருக்கவேண்டும் என்பதைத் தாயார் அறிவார். எதைப் படிக்கவேண்டும் என்பதை அச்சடித்த குறிப்புச் சொல்லும். எப்படி எழுதவேண்டும் என்பதைக் கடந்தகால வினாத்தாளுக்கு நாம் கொடுத்த விடை சொல்லும். இவ்வளவு உழைப்பையும் கண்டு, “நல்ல பழக்கமுள்ள பிள்ளை” என்கின்றோம். பழக்கம் யாருடையது?

என் மாணாக்கன் ஒருவன் மூன்று பாடங்களிலும் ஏ சித்தி பெற்றுச் சர்வகலாசாலைக்குச் சென்றான். முதலாம் வருடப் பரீட்சையிலே இரண்டு பாடங்களிற் சித்தியெய்தாமல் விடுமுறைக்கு வந்து, என் வீட்டுத் திண்ணையிலே நெடுநேரம் பேசாதிருந்தான். பின்பு, “சேர், அங்கே மணியடிக்க ஆளில்லை” என்றான்.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் எழவில்லை. நானும் அவ்வாறு விழுந்தவனே. 1990 ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணத்திலே மின்சாரமில்லாத நாட்களிற் போத்தல்விளக்கை வைத்துக்கொண்டு படித்தவன் நான்; என் ஊக்கம் என்னுடையதே என்று நம்பியிருந்தேன். விடுதியிலே ஐந்து மணிக்கு மணி அடிக்கும், எழுவேன். படிப்புவேளைக்கு மணி அடிக்கும், இருப்பேன். சர்வகலாசாலைக்குப் போன முதற்றவணையிலே விடிந்தபின் எழுந்தேன், விரிவுரைகளைத் தவறவிட்டேன். அதனினும் நாணத்தக்கது, வீட்டிலே அன்னையார் கற்பித்த சந்தியாவந்தனமும் பஞ்சாட்சர செபமும் அவ்விடுமுறை வரையும் என்னை விட்டுப் போயின. விடுதிக் காலத்திலே பிறர் அறியாமற் பேணிய நியமம், தடுப்பார் ஒருவருமில்லாத இடத்திலே ஒழிந்தது.

திருநெல்வேலியிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்திலேயே 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. பரமேசுவரன் ஆலயம் அங்கே இன்றும் உண்டு. அங்கே படிக்குஞ் சைவப்பிள்ளைக்குக் கோயில் காலடியிலே, நூல்நிலையமும் அவ்வாறே. இரண்டிடத்துக்கும் போ என்று சொல்வார் மாத்திரம் இலர்.

ஆணவத்தைச் செம்பிற் களிம்புக்கு ஒப்பிடுவர் நம் பெரியோர். பூசைச் செம்பை நேற்றுப் புளியிட்டு விளக்கினோம், பளபளத்தது. ஆதலின் இன்று வேண்டா என்று எந்தத் தாயும் விடுவதில்லை. சோம்பலும் அக்களிம்பு போன்றதே. செம்பு தன்னை விளக்கிக்கொள்ளமாட்டாது. பிள்ளையோ விளக்கிக்கொள்ள வல்லவன். அவ்வன்மையை அவனுக்குக் கொடாது, அவன் செம்பையும் நாமே விளக்கிக்கொண்டிருக்கின்றோம். பாடசாலைப் பெறுபேறு குறைந்துவிடுமே என்னும் அச்சம் ஒன்று. பெற்றார் குறைகூறுவரே என்பது மற்றொன்று. நடைவண்டி நல்லதுதான். பதினெட்டு வயதிலும் பிள்ளையின் கையில் அதனைக் கொடுப்பது நம்முடைய பிழை.

பிள்ளை பழகவேண்டியவற்றுள் முதன்மையானது, கற்பிக்குமுன் பாடத்தைத் தானே வாசித்தல். விளங்காத இடத்திலே கோடிட்டுக்கொண்டு வரட்டும்; அந்தக் கோடே அவன் கேள்வி. பின்பு புத்தகத்தை மூடிவைத்து, விளங்கியதைத் தன் சொல்லால் அரைப்பக்கம் எழுதட்டும். நம் குறிப்பைப் பிரதிசெய்தல் எழுதுதலாகாது. விஞ்ஞானம், வைத்தியம், பொறியியல் என்பன சர்வகலாசாலையில் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுதலால், தமிழிற் படித்துச் செல்லும் பிள்ளை முதல்நாளே திகைக்கின்றான்; நாடோறும் ஒரு பக்கம் அகராதியோடு வாசித்தவன் அவ்வளவு திகையான். ஒரு பக்கம் போதும். பத்துப் பக்கம் என்று தொடங்கினவர் மூன்றாம் நாளே விட்டதைக் கண்டிருக்கின்றேன். நித்திரையைக் குறித்தும் கைத்தொலைபேசியைக் குறித்தும் நீங்களே நன்கறிவீர்கள்.

பழக்கம் தவறும். தவறிய அன்று என்ன செய்வது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவர் நம்முள் மிகச் சிலர். தவறினவனைத் தண்டிக்கின்றோம், அல்லது தவறவொட்டாமற் காக்கின்றோம். சாக்கியர் மறந்தமைக்காக அழுதுகொண்டிருந்தாரல்லர், “நாளைக்குப் பார்ப்போம்” என்று உண்டாரும் அல்லர், எழுந்து ஓடினார். மறந்தவன் மீண்டெழுவது தானாகக் கொண்ட நியமத்திலே மாத்திரம் நிகழும்.

இத்தவணை தொடக்கம் பன்னிரண்டாம் வகுப்பிலே கிழமைக்கு ஒரு பாடவேளையை நான் பேசாது விட்டிருக்கின்றேன். காலைவழிபாடு முடிந்ததும் வகுப்பின் பின்னே அமர்ந்து என் புத்தகத்தை வாசிப்பேன், யாரையும் ஏவுவதில்லை. முதற்கிழமை சந்தைபோலிருந்தது. அடுத்த அறை ஆசிரியர் எட்டிப் பார்த்தார், எனக்கு நாணமாயிற்று. மூன்றாங்கிழமை இருவர் புத்தகம் திறந்தனர். சென்ற கிழமை பதினொருவர். மற்றையோர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றனர்.