ஒத்திகை உடை

சந்திரனில் இறங்கிய அமெரிக்க வீரர் ஒவ்வொருவருக்கும் மூன்று உடைகள் தைத்தார்கள். பயிற்சிக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று, பயண உடைக்கு ஏதேனும் பழுது நேர்ந்தால் மாற்றாக ஒன்று. தைத்தது டெலவேர் மாநிலத்து டோவர் நகரில் ஒரு கம்பெனி. பெண்களின் உள்ளாடைகளைத் தைத்து விற்றுப் பெயர் வாங்கிய கம்பெனி அது. சிரிக்க வேண்டியதில்லை. உடம்பை இறுகப் பிடித்தும் வருத்தாத ஆடையை அந்தத் தையற்காரப் பெண்களைவிட அறிந்தவர் யார்?

1969 ஜூலையில் நீல் ஆர்ம்ஸ்ட்ராங் அணிந்த பயண உடையை, ஐம்பது ஆண்டு நிறைவில், 2019இல் வாஷிங்டன் காட்சிசாலையில் மீண்டும் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பு ஹூஸ்டனில், செயற்கை மணல் பரப்பில், கல் பொறுக்கவும் கருவி பிடிக்கவும் பழகியபோது அவர் அணிந்திருந்த உடையை யார் கேட்கிறார்கள்?

‘ஒத்திகை வேறு, நாடகம் வேறு. ஹூஸ்டனில் தவறினால் ஓடி வர ஆட்கள் உண்டு. சந்திரனில் யார் உண்டு?’ என்பீர்கள். நியாயமான பேச்சு. ஆபத்துக்குத்தான் மரியாதை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஜிம் லெபிளாங்க் என்பவரை எங்கே நிறுத்துவது?

அவர் விண்வெளி வீரர் அல்லர், தொழில்நுட்ப ஊழியர். 1966 டிசம்பரில், சந்திர உடையின் முன்மாதிரி ஒன்றை அணிந்து, காற்றை வெளியேற்றிய ஹூஸ்டன் அறைக்குள் நின்றார். உடைக்குக் காற்றழுத்தம் கொடுத்த குழாய் கழன்றுவிட்டது. அழுத்தம் இல்லாத இடத்தில் நீர் உடற்சூட்டிலேயே கொதிக்கும். நாக்கின்மேல் உமிழ்நீர் கொதித்துக் குமிழியிட்டதுதான் அவருக்குக் கடைசியாக நினைவில் நின்றது. சுமார் 14 விநாடியில் நினைவிழந்து சாய்ந்தார். வெளியே இருந்தவர்கள் அவசரமாய்க் காற்றை உள்ளே விட்டார்கள். பிழைத்தார், காதுவலியோடு போயிற்று.

ஓடி வர ஆட்கள் இருந்தது உண்மை. அந்த 14 விநாடி அவருக்கு எந்த விதத்தில் ஒத்திகை?

‘சம்பளம் வாங்கினார் அல்லவா?’ என்றார் நண்பர் ஒருவர். ஆர்ம்ஸ்ட்ராங்கும் வாங்கினார். சம்பளத்தால் கணக்குத் தீருமென்றால் இருவருக்கும் தீரவேண்டும். தீராதென்றால் இருவருக்கும் தீராது. ஒருவர் கணக்கை மட்டும் முடித்துப் பேரேட்டை மூடிவிடுகிறோமே, எந்த நீதியைக் கொண்டு? நண்பர் பதில் சொல்லவில்லை. பயணம் போனவர் பெயரை மட்டும் இன்னொரு முறை சொன்னார்.